வரைதாளில் எந்த எழுத்துரு? காரைக்காலை முன்வைத்து ஓர் ஆய்வு

கணினியில் புதிய வரைபடக் கோப்பைத் திறந்து முதல் அளவை எழுதும்போதே ஒரு முடிவு எடுக்கப்பட்டுவிடுகிறது. அந்த எண் எந்த எழுத்துருவில் விழ வேண்டும் என்று டிராஃப்ட்ஸ்மேன் யோசிப்பதில்லை. மென்பொருளைத் தயாரித்தவர்களோ, அலுவலகத்தில் முன்பு வேலை பார்த்த யாரோ ஒருவரோ அதை ஏற்கெனவே தீர்மானித்திருப்பார்கள். கோட்டின் தடிமன், லேயரின் நிறம், தாளின் அளவு எல்லாவற்றுக்கும் விதி வைத்திருக்கும் அலுவலகங்கள்கூட எழுத்துருவை வந்தபடியே விட்டுவிடுகின்றன. வரைபடத்தை எழுதுகிறவர் ஒருவர், சரிபார்க்கிறவர் ஒருவர், அதைக் கையில் வைத்துக்கொண்டு கம்பி கட்டுகிறவர் இன்னொருவர். எழுத்துரு இவர்களில் கடைசி ஆளுக்காகத் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும் என்பது என் வாதம். அந்தக் கடைசி ஆள் நம் ஊரில் பெரும்பாலும் தமிழ் படிப்பவர். வரைதாளில் தமிழ் எழுத்து எந்த அளவில், எந்தத் தடிமனில் இருக்க வேண்டும் என்பதற்கு நடைமுறையில் எந்த ஒழுங்கும் நம் அலுவலகங்களில் இல்லை.

காரைக்காலை எடுத்துக்கொள்ளக் காரணம் உண்டு. சுமார் 160 சதுர கிலோமீட்டர் பரப்பு, 2011 கணக்கெடுப்பின்படி இரண்டு லட்சம் மக்கள். இந்தச் சிறிய இடத்துக்குள் கீழவாஞ்சூரில் 2009 முதல் இயங்கும் துறைமுகம், நிரவியில் ஓஎன்ஜிசியின் காவிரிப் படுகை அலுவலகம், திருமலைராயன்பட்டினம் பக்கத்தில் 32.5 மெகாவாட் எரிவாயு மின்நிலையம், 2010இல் தொடங்கிய தேசியத் தொழில்நுட்பக் கழகம் எல்லாம் இருக்கின்றன. இவற்றோடு வீட்டு பிளான் போட்டுக் கொடுக்கும் சின்னச் சின்ன அலுவலகங்கள். தமிழ்நாட்டின் நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்கள் சூழ்ந்து நிற்க, நிர்வாகத் தலைமையோ 130 கிலோமீட்டருக்கு அப்பால் புதுச்சேரியில். எனவே இங்கே ஒரு வரைபடம் ஒரே கணினியில் பிறந்து அங்கேயே முடிவது அபூர்வம். சென்னையில் ஸ்ட்ரக்சுரல் கணக்கு, புதுச்சேரியில் ஒப்புதல், நாகப்பட்டினத்தில் ஒப்பந்ததாரர், காரைக்கால் கடைத்தெருவில் ஜெராக்ஸ் என்று கோப்பு நகர்ந்துகொண்டே இருக்கும். எழுத்துருவுக்கு இதைவிடக் கடுமையான சோதனை வேறு தேவையில்லை.

இன்னொரு காரணம் வரலாறு. 1739இல் தஞ்சை மராத்திய அரசிடமிருந்து பிரெஞ்சுக்காரர்கள் காரைக்காலைப் பெற்றார்கள். இடையில் ஆங்கிலேயர் கைக்குப் போய்வந்த ஆண்டுகளைத் தவிர்த்தால் 1954 நவம்பர் 1 வரை அவர்கள் ஆட்சி. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16இல் நடந்தது. அந்த ஆட்சி விட்டுச்சென்ற எழுத்துப் பழக்கம் இன்னும் சொத்து ஆவணங்களில் உயிரோடு இருக்கிறது. புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் பத்திரங்களில் ரீசர்வே எண்ணோடு, பிரெஞ்சுக் கால நிலப் பதிவேடான கடாஸ்டரின் பழைய எண்ணும் சேர்ந்து வரும். பரப்பளவை ஹெக்டேர், ஆர், சென்டியார் என்று மூன்று கூறாக எழுதுவார்கள். ஓர் ஆர் என்பது 100 சதுர மீட்டர். ஒரு சென்டியார் ஒரு சதுர மீட்டர். 240 சதுர மீட்டர் மனை 0-02-40 என்று ஆகும். பூஜ்யமும் கோடும் எண்ணும் ஒட்டிக்கொண்டு வரும் இந்த எழுத்துமுறையில் ஓர் இலக்கம் மங்கினாலோ இடம் மாறினாலோ 0-20-40 ஆகிவிடும். மனை எட்டு மடங்குக்கு மேல் பெருத்துவிடும்.

பிரெஞ்சுக் கையெழுத்தில் 1 என்ற எண்ணுக்கு இடப்பக்கம் நீண்ட மேல்கோடு உண்டு. 7க்கு நடுவில் குறுக்குக்கோடு உண்டு. இரண்டும் ஒரே கையால் எழுதப்பட்டிருந்தால் குழப்பம் வராது. குறுக்குக்கோடு போடாமல் பழகிய நம் கண், பழைய தாளின் 1ஐ 7 என்று வாசித்துவிட இடம் இருக்கிறது. தசமப் புள்ளியின் இடத்தில் காற்புள்ளி போடுவதும் பிரெஞ்சு மரபு. 1,20 என்றால் அங்கே ஒரு மீட்டர் இருபது சென்டிமீட்டர். நமக்கோ காற்புள்ளி ஆயிரத்தைப் பிரிப்பதற்கு. பன்னாட்டு வரைபடத் தரங்கள் இன்றும் காற்புள்ளியைத் தசமக் குறியாக அச்சிடுகின்றன. இந்தியப் பழக்கம் புள்ளி. பழைய கட்டடத்தைப் புதுப்பிக்க அதன் மூல வரைபடத்தைத் தேடிப் பிடிக்கும் பொறியாளர் இரண்டு பழக்கங்களுக்கும் நடுவில் நிற்கிறார். அந்தக் கால வரைபடத் தலைப்புகளில் காணும் ரோந்த் என்னும் உருண்டைக் கையெழுத்தின் அழகை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஒவ்வொரு வரைவாளரின் கையும் வேறு என்பதால், தொழில் பெருகிய காலத்தில் அது நிலைக்க முடியவில்லை.

கைக்குக் கை மாறும் எழுத்தை ஒழுங்குபடுத்தும் முயற்சி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வலுப்பெற்றது. ஜெர்மனியில் முதல் உலகப் போருக்குப் பின் வரைபட எழுத்துக்கென்றே டின் தரங்கள் வந்தன: சாய்வுக்கு டின் 16, நேர் எழுத்துக்கு டின் 17. சாலைப் பலகைகளில் பார்க்கும் டின் 1451 இவற்றின் நெருங்கிய உறவு. அமெரிக்காவில் கியூஃபெல் அண்ட் எஸ்ஸர் நிறுவனம் லெராய் என்ற கருவியைக் கொண்டுவந்தது. பள்ளம் வெட்டிய அச்சுப்பட்டையில் ஊசியை ஓட்டினால் மறுமுனையில் உள்ள பேனா அதே எழுத்தைத் தாளில் போடும். ரோட்ரிங் ராப்பிடோகிராஃப் பேனாக்களும் பிளாஸ்டிக் ஸ்டென்சில்களும் நம் ஊர் வரைவு மேசைகள்வரை வந்தன. இவை எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு குணம்: எழுத்து ஒற்றைக் கோட்டால் ஆனது. பேனாவின் முனை எவ்வளவோ, எழுத்தின் தடிமனும் அவ்வளவே.

1974இல் வெளிவந்த ஐஎஸ்ஓ 3098 என்ற பன்னாட்டுத் தரம் இந்த அனுபவத்தை எண்களாக்கியது. அப்போது பெரிய நிறுவனங்கள் வரைபடங்களை மைக்ரோஃபிலிமில் சேமித்துவந்தன. படத்தைச் சுருக்கி, மீண்டும் பெரிதாக்கி, மறுபடியும் அச்சிட்டாலும் எழுத்து நிரம்பி அடைபடாமல் இருக்க வேண்டும் என்பது அந்தத் தரத்தின் அடிப்படை நோக்கங்களில் ஒன்று. எழுத்துயரங்கள் 1.8, 2.5, 3.5, 5, 7, 10, 14, 20 மில்லிமீட்டர் என்று போகும். ஒவ்வொன்றும் முந்தையதைவிட இரண்டின் வர்க்கமூலம் அளவுக்குப் பெரிது. ஏ4, ஏ3, ஏ2 தாள்கள் வளரும் விகிதமும் அதேதான். ஆகவே ஒரு தாளை அடுத்த அளவுக்குச் சுருக்கினால் எழுத்தும் வரிசையின் அடுத்த படியில் போய் அமர்ந்துகொள்ளும். தடிமனுக்கு இரண்டு வகை. ஏ வகையில் உயரத்தில் பதினான்கில் ஒரு பங்கு, பி வகையில் பத்தில் ஒரு பங்கு. நேராகவும் எழுதலாம், 75 பாகை சாய்வாகவும் எழுதலாம். பி வகையில் எழுத்துகளுக்கு இடையே கோட்டின் தடிமனைப் போல இரண்டு மடங்கு இடைவெளி.

இந்தியத் தர நிறுவனம் இதை ஐஎஸ் 9609 என்ற தரமாக எடுத்துக்கொண்டது. பள்ளி, கல்லூரிகளுக்காக 1988இல் வெளியிட்ட எஸ்பி 46 கையேடு இதையே போதிக்கிறது. 2003இல் அது திருத்தப்பட்டது. முதலாண்டுப் பொறியியல் வரைபட வகுப்பில் மாணவர்கள் மினி டிராஃப்டரோடு உட்கார்ந்து எழுத்துப் பயிற்சி செய்வது இந்தக் கையேட்டின் வழியில்தான். பிறகு அதே மாணவர் கணினி முன் உட்காரும்போது அந்தப் பயிற்சிக்கும் திரையில் விழும் எழுத்துக்கும் தொடர்பு அறுந்துவிடுகிறது. கையால் எழுதும்போது தரம் கேட்ட ஆசிரியர், மென்பொருள் போடும் எழுத்தைத் தரம் பார்ப்பதில்லை. இந்த இடைவெளியை நான் சிறிய விஷயமாக நினைக்கவில்லை.

கணினி எழுத்துக்கும் தனி வரலாறு உண்டு. அமெரிக்கக் கடற்படையின் டால்கிரன் ஆய்வகத்தில் பணியாற்றிய இயற்பியலாளர் ஆலன் ஹெர்ஷி 1967இல் கோடுகளால் ஆன எழுத்துத் தொகுப்பை வெளியிட்டார். லத்தீன், கிரேக்கம், சிரிலிக், ஜப்பானிய எழுத்துகள்கூட அதில் இருந்தன, தமிழ் இல்லை. பேனாவை நகர்த்தி வரையும் பிளாட்டர்களுக்கு இத்தகைய ஒற்றைக்கோட்டு எழுத்தே பொருத்தம். வெளிவரி எழுத்துருவை அவற்றுக்குக் கொடுத்தால் ஒவ்வோர் எழுத்தின் ஓரத்தையும் சுற்றிச் சுற்றி வரைந்து நேரத்தையும் மையையும் தின்னும். 1982 டிசம்பரில் வந்த ஆட்டோகேட் அதே வழியில் எஸ்எச்எக்ஸ் என்னும் கோட்டு எழுத்துருக்களோடு பிறந்தது. டிஎக்ஸ்டி, சிம்ப்ளெக்ஸ், ரோமன்ஸ் என்ற பெயர்கள் நம் டிராஃப்ட்ஸ்மேன்களின் நாக்கில் இன்றும் உண்டு.

இந்தக் குடும்பத்தில் டிஎக்ஸ்டி மிகப் பழையது. வட்டத்தைச் சில நேர்கோட்டுத் துண்டுகளாக்கி வரையும் எழுத்து அது. திரை சீக்கிரம் புதுப்பிக்கப்பட வேண்டும் என்பதற்காக அப்படி அமைத்தார்கள். அன்றைய கணினிக்கு அது நியாயம், இன்றைக்கு அதைத் தொடரக் காரணமே இல்லை. 3, 8, 6 ஆகியவை அதில் கோணல்மாணலாக நின்று, அச்சில் சிறுத்தால் ஒன்றோடொன்று குழம்பும். சிம்ப்ளெக்ஸும் ரோமன்ஸும் நல்லவை. வளைவு சீரானது, கோடு ஒற்றை, தடிமன் நம் கையில். பல பழைய அலுவலகங்கள் ரோமன்ஸை விடாமல் வைத்திருப்பதில் அனுபவ அறிவு இருக்கிறது. அவற்றின் குறை வேறொரு பக்கம் தெரிகிறது. கோட்டு எழுத்து பிடிஎஃப்பாக மாறும்போது எழுத்தாகப் போகாமல் வெறும் கோடுகளாகப் போகும். ஐம்பது தாள் கொண்ட தொகுப்பில் ஒரு தூணின் எண்ணைத் தேடினால் கிடைக்காது. பிற்காலப் பதிப்புகள் அந்த எழுத்தைக் குறிப்புரையாக உள்ளே ஒளித்துவைக்கும் வசதியைத் தந்தன. அந்த அமைப்பை இயக்கி வைத்திருக்கிறார்களா என்பது அலுவலகத்துக்கு அலுவலகம் மாறும்.

அடுத்து வந்தது ஏரியல். ஆட்டோகேடின் புதிய பதிப்புகளில் மாதிரிக் கோப்பைத் திறந்தால் இயல்பாக நிற்பது இதுவே. 1982இல் மோனோடைப் நிறுவனம் வடிவமைத்தது, விண்டோஸ் உள்ள எந்தக் கணினியிலும் கிடைக்கும், பிடிஎஃப்பில் தேடலாம். கடிதத்துக்கும் அறிக்கைக்கும் குறைசொல்ல முடியாத எழுத்து. வரைபடத்துக்கு மட்டும் நான் அதை ஏற்க மாட்டேன். ஆங்கிலப் பெரிய ஐ, சிறிய எல் இரண்டும் அதில் ஒரே செங்குத்துக் கோடு. 3, 6, 9 ஆகியவற்றின் வாய் உள்நோக்கி வளைந்து கிட்டத்தட்ட மூடிக்கொள்ளும். ஜெராக்ஸ் இயந்திரத்தின் மை கொஞ்சம் பரவினால் அந்த வாய் அடைபட்டு 8 ஆகிவிடும். கம்பி விவரத்தில் இது என்ன செய்யும் என்று பார்ப்போம். 8 மில்லிமீட்டர் கம்பியின் குறுக்குவெட்டு சுமார் 50 சதுர மில்லிமீட்டர். 6 மில்லிமீட்டர் கம்பிக்குச் சுமார் 28. இரண்டும் ஒன்றுபோலத் தெரியும் தாளில் எட்டை ஆறு என்று வாசித்துவிட்டால் இரும்பு 56 சதவீதத்துக்கு இறங்கிவிடும். இடைவெளி அதேபடி இருந்தால் தளத்தில் பாதிக்குச் சற்று மேலான இரும்பு மட்டுமே போகும். கான்கிரீட் கொட்டிய பிறகு அதை யாரும் பார்க்க முடியாது. காரைக்கால்போல் உப்புக்காற்று இரும்பை அரிக்கும் கரையில் இது இன்னும் கவலைக்குரியது.

ஐஎஸ்ஓ 3098இன் வடிவத்தைப் பின்பற்றி வந்தவற்றில் இரண்டைப் பார்ப்போம். ஆட்டோகேடோடு வரும் ஐஎஸ்ஓசிபியூர் ஒன்று. வாய் திறந்த எண்கள், சீரான தடிமன், தேடக்கூடிய பிடிஎஃப் எல்லாம் கிடைக்கும். ஆனால் அது அந்த மென்பொருள் நிறுவப்பட்ட கணினிகளில்தான் உறுதியாக இருக்கும். விலை குறைந்த அல்லது இலவச வரைவு மென்பொருள் வைத்திருக்கும் சிறு அலுவலகத்தில் கோப்பு திறக்கப்பட்டால் வேறெதுவோ அந்த இடத்தில் வந்து உட்கார்ந்து, எழுத்தின் அகலம் மாறி, அளவுக் கோட்டின்மேல் ஏறிக்கொள்ளும். இன்னொன்று ஓசிஃபாண்ட். கட்டற்ற உரிமத்தில் கிடைப்பது. கோப்போடு சேர்த்து யாருக்கும் அனுப்பலாம், எந்த இயங்குதளத்திலும் நிறுவலாம். நான்கு ஊர்களுக்கு நகரும் நம் கோப்புகளுக்கு இந்தச் சுதந்திரமே பெரிய தகுதி. லத்தீன் எழுத்துக்கும் எண்ணுக்கும் இயல்பு எழுத்துரு எது என்று கேட்டால் என் பதில் ஓசிஃபாண்ட்தான். அதை நிறுவ முடியாத இடத்தில் சிம்ப்ளெக்ஸ்.

உயரத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நல்ல எழுத்துருவைத் தேர்ந்தெடுத்தும் இதில் கெடுத்துக்கொள்கிறோம். அலுவலகத்தில் ஏ1 தாளுக்கு வரைகிறார்கள். சைட்டுக்குப் போவதோ ஏ3. கடைத்தெருவில் பெரிய பிளாட்டர் செலவு, ஏ3 ஜெராக்ஸ் மலிவு. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளவும் வசதி. ஏ1 ஏ3 ஆகும்போது நீளம் சரியாகப் பாதியாகும். 2.5 மில்லிமீட்டரில் எழுதிய அளவு 1.25 ஆகிவிடும், ஐஎஸ்ஓ வரிசையின் மிகச் சிறிய அளவான 1.8க்கும் கீழே. வெயிலில் நிற்கும் மேஸ்திரிக்கு அது எழுத்தாகவே தெரியாது. 5 மில்லிமீட்டரில் எழுதினால் 2.5 ஆகும், 3.5இல் எழுதினால் 1.75. ஏ3க்குச் சுருங்கப்போகிறது என்று தெரிந்த வரைபடத்தில் கம்பி விவரம், அளவு, மட்டம் ஆகியவை 5 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. தாள் நிரம்பி வழிகிறது என்றால் இன்னொரு தாள் போடுவதே நேர்மை.

தமிழுக்கு வருவோம். வரைபடத்தில் தமிழ் எங்கே வருகிறது என்று கேட்கலாம். ஊர்ப்பெயர், தெருப்பெயர், உரிமையாளர் பெயர், நாற்புற எல்லை விவரம், கோயில் திருப்பணி வரைபடங்கள், மீனவர் குடியிருப்புத் திட்டங்கள், பாதுகாப்பு எச்சரிக்கைகள், கம்பி கட்டுபவருக்கான குறிப்புகள். இவற்றில் பலவற்றை இன்று ஆங்கிலத்தில் எழுதி, சைட்டில் வாயால் தமிழாக்கிச் சொல்கிறார்கள். சொன்னவர் அடுத்த நாள் வராவிட்டால் தாளில் இருப்பது மட்டும்தான் மிச்சம்.

தமிழில் எழுத முனைபவர்கள் பெரும்பாலும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களைப் பிடித்துக்கொள்கிறார்கள். அச்சகங்களில் பழகிய கை அது. அவற்றில் உண்மையில் சேமிக்கப்படுவது ஆங்கில எழுத்தும் குறியீடும். மேலே தமிழ் உருவம் போர்த்தப்பட்டிருக்கும். எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் உரிமையாளர் பெயர் ஆங்கிலச் சிற்றெழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகச் சிதறிக் கிடக்கும். ஒரு மனையின் கிழக்கு எல்லை யாருடைய நிலம் என்பது அப்படித் தொலைந்துபோவதை நாம் பொறுத்துக்கொள்ளக் கூடாது. யூனிகோடு 1991லிருந்தே தமிழுக்கு இடம் தந்திருக்கிறது. விண்டோஸ் லதா எழுத்துருவையும் பின்னர் நிர்மலாவையும் தந்தது. தமிழ்நாடு அரசு 2010இல் யூனிகோடை ஏற்றது; அதனுடன் ஒவ்வோர் எழுத்துக்கும் தனி எண் கொடுக்கும் டேஸ்16 என்ற முறையையும் ஏற்றது. எனவே இயல்பு எழுத்துரு யூனிகோடில்தான் இருக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது எண்ணம் இல்லை.

ஆனால் யூனிகோடுத் தமிழை வரைவு மென்பொருளில் போடும்போது இரண்டு தடைகள் வரும். எஸ்எச்எக்ஸ் எழுத்துருவில் தமிழ் வடிவங்கள் கிடையாது. எழுதினால் கேள்விக்குறிகள் வரிசையாக நிற்கும். வெளிவரி எழுத்துருவில் எழுதினாலும், ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரக் குறி ஆகியவை மெய்க்கு முன்னால் வந்து நிற்க வேண்டும் என்ற இடமாற்றத்தைச் சில மென்பொருள்கள் செய்யத் தவறும். திரையில் சரியாகத் தெரிந்து பிடிஎஃப்பில் பிசகுவதும் உண்டு. ஆகவே தமிழ் வரிகள் உள்ள ஒவ்வொரு தாளையும் அச்சுக்கு முன் பிடிஎஃப்பில் திறந்து கண்ணால் வாசிக்கும் பழக்கம் வேண்டும். டேஸ்16 போல ஒவ்வோர் எழுத்துக்கும் தனி எண் தரும் முறையில் இந்த இடமாற்றமே தேவைப்படாது. ஒற்றைக்கோட்டுத் தமிழ் எழுத்துரு ஒன்றை யாராவது வரைய முன்வந்தால், லேசர் வெட்டும் இயந்திரத்துக்கும் பெயர்ப்பலகை செதுக்குவதற்கும் சேர்த்து அது பயன்படும். எனக்கு அந்த வேலையின்மேல் பெரிய ஆசை உண்டு.

இனி தமிழ் எழுத்தின் உயரம். இங்கே பக்கத்து நாகரிகங்கள் நமக்கு முன்னால் போயிருக்கின்றன. சீனாவின் 1993ஆம் ஆண்டு ஜிபி/டி 14691 தரம், வரைபடத்தில் சீன எழுத்து 3.5 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்று சொல்கிறது; எந்தப் பாணியில் எழுத வேண்டும் என்பதையும் அதுவே வரையறுக்கிறது. ஜப்பானின் தரத்தில் அவர்களுடைய எழுத்துகளுக்கென்றே தனிப் பகுதி உண்டு. ஐஎஸ்ஓ 3098இலோ லத்தீன், கிரேக்கம், சிரிலிக் ஆகியவற்றுக்குப் பகுதிகள் இருக்கின்றன, தமிழுக்கு இல்லை. தமிழுக்கு எண் என்னவாக இருக்கலாம் என்பதை ஐஎஸ்ஓவின் தர்க்கத்தைக் கொண்டே கணக்கிட முடியும்.

பி வகையில் ஆங்கிலச் சிற்றெழுத்தின் உயரம், கோட்டின் தடிமனைப் போல ஏழு மடங்கு. ஆங்கிலச் சிறிய இ (e) எழுத்தை நடுவில் செங்குத்தாக வெட்டினால் மூன்று கோடுகள் அகப்படும். மூன்று கோட்டுக்கு மூன்று பங்கு, இடையிலுள்ள இரண்டு இடைவெளிக்கு இரண்டிரண்டு பங்கு, மொத்தம் ஏழு. கோட்டைப் போல இரு மடங்கு வெளி இருந்தால்தான் அச்சில் அடைபடாது என்பதற்கு அந்த ஏழு சரியாகப் பொருந்துகிறது. நம் எழுத்துகளில் இ, ஐ, ஞ போன்ற சிக்கலானவற்றை அதேபோல் வெட்டினால், எழுத்துருவைப் பொறுத்து நான்கு கோடுகள்வரை அகப்படும். நான்கு கோடு, மூன்று இடைவெளி: நான்கும் ஆறும் பத்து. எனவே தமிழ் எழுத்தின் உடல் மட்டுமே கோட்டின் தடிமனைப் போல பத்து மடங்கு உயரம் கேட்கிறது. மேலே புள்ளிக்கும் இகரச் சுழிக்கும், கீழே உகர ஊகாரக் கால்களுக்கும் இடம் தனி.

இந்தப் பத்து ஓர் எதிர்பாராத வசதியைத் தருகிறது. ஐஎஸ்ஓவின் ஏ வகையில் உயரம் பதினான்கு பங்கு, சிற்றெழுத்தின் உடல் பத்துப் பங்கு. அதாவது 0.25 மில்லிமீட்டர் பேனாவால் 2.5 மில்லிமீட்டர் பி வகை ஆங்கிலம் எழுதும் இடத்தில், அதே பேனாவால் 3.5 மில்லிமீட்டர் ஏ வகை அளவில் தமிழ் எழுதினால் தமிழின் உடல் 2.5 மில்லிமீட்டர் வரும். மீதி நான்கு பங்கு மேற்குறிகளுக்கு. தமிழின் உடலும் ஆங்கிலப் பெரிய எழுத்தும் ஒரே உயரத்தில், ஒரே தடிமனில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். சீனர்கள் தங்கள் எழுத்துக்கு வைத்த 3.5 என்ற எல்லையும் அதுவே. விதியைச் சுருக்கமாகச் சொன்னால்: ஆங்கிலம் எந்த அளவோ, தமிழ் அதற்கு அடுத்த படி. 2.5க்கு 3.5, 3.5க்கு 5, 5க்கு 7. வரிகளுக்கு இடையில், மேல்வரியின் ஊகாரக் காலும் கீழ்வரியின் புள்ளியும் மோதாதபடி ஆங்கிலத்துக்கு விடுவதைவிட ஒரு படி அதிக வெளி.

எந்த எழுத்துரு? கட்டற்ற உரிமத்தில் கிடைக்கும் நோட்டோ சான்ஸ் தமிழ், ஏக் டைப்பின் முக்த மலர், பிரியா ரவிச்சந்திரன் வடிவமைத்த காடமரான் ஆகிய மூன்றும் பல எடைகளில் வருகின்றன. தடிப்பும் மெலிவும் மாறி மாறி வரும் புத்தக எழுத்துருக்கள் இந்த வேலைக்கு ஆகா. மெலிந்த பகுதி ஜெராக்ஸில் முதலில் மறைந்துவிடும். நோட்டோவின் லைட் எடை கோட்டு எழுத்தின் பக்கத்தில் இணக்கமாக நிற்கிறது, எழுத்துத் தொகுதியும் முழுமையாக இருக்கிறது. முக்த மலரும் நன்றாக இருக்கும். ஒரே தாளில் இரண்டையும் கலக்க வேண்டாம்.

இதற்கு வரக்கூடிய வலுவான மறுப்பு ஒன்று உண்டு. இன்றைய கட்டுமான இடங்களில் பிகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள் நிறையப் பேர் வேலை செய்கிறார்கள். அவர்களுக்குத் தமிழும் தெரியாது, ஆங்கிலமும் குறைவு. பிறகு தமிழுக்கு ஏன் இத்தனை பாடு என்பார்கள். உண்மைதான். அவர்களுக்கு எண்ணும் குறியுமே மொழி. அதனால்தான் எண்களின் வடிவத்தைப் பற்றி இவ்வளவு எழுத வேண்டியிருந்தது. விட்டக் குறி, கூட்டல் கழித்தல் குறி, பாகைக் குறி ஆகியவை தேர்ந்தெடுத்த எழுத்துருவில் ஒழுங்காக வருகின்றனவா என்று முதலில் பார்க்க வேண்டும். பழைய தமிழ் எழுத்துருக்களில் அந்த இடங்களில் வேறு உருவங்கள் உட்கார்ந்திருக்கும். தசமத்துக்கு முன் பூஜ்யம் கட்டாயம்; 0.150 என்று எழுத வேண்டும், வெறும் புள்ளியோடு தொடங்கக் கூடாது. ஆயிரத்துக்குக் காற்புள்ளி போடவே வேண்டாம், முக்கியமாகப் பிரெஞ்சுக் கால ஆவணங்களும் அருகில் வைத்துப் பார்க்கப்படும் காரைக்காலில். முடிந்த இடங்களில் எல்லாம் மில்லிமீட்டரில் முழு எண்ணாக எழுதினால் புள்ளிக்கே வேலை இல்லை. ஆனால் அந்த வெளிமாநிலத் தொழிலாளிக்கு வேலை சொல்லும் மேஸ்திரி, சென்ட்ரிங் ஆள், உரிமையாளர், எல்லைத் தகராறு வந்தால் பக்கத்து வீட்டுக்காரர் ஆகியோர் தமிழ் படிப்பவர்கள்.

இதை ஓர் அரசாணைக்காகக் காத்திருக்காமல் தொடங்கிவிடலாம். காரைக்காலிலேயே தேசியத் தொழில்நுட்பக் கழகமும் பாலிடெக்னிக்கும் இருக்கின்றன. ஒரு பருவத்தில் மாணவர்கள் செய்துவிடக்கூடிய சோதனை இது. ஒரே கம்பி விவரத்தை டிஎக்ஸ்டி, ரோமன்ஸ், ஏரியல், ஓசிஃபாண்ட் ஆகியவற்றிலும், ஒரே தமிழ்க் குறிப்பை நோட்டோ, முக்த மலர் ஆகியவற்றிலும், நான்கு உயரங்களில் ஏ1 தாளில் அச்சிட வேண்டும். ஏ3 ஆக்கி, நகலை மறுபடி நகலெடுத்து, மூன்றாம் தலைமுறை நகலைத் துறைமுகச் சாலையிலோ நிரவியிலோ வேலை நடக்கும் இடத்தில் நண்பகல் வெளிச்சத்தில் மேஸ்திரிகளிடம் கொடுத்து வாசிக்கச் சொல்ல வேண்டும். எந்த எண் எதுவாக வாசிக்கப்பட்டது, எந்த எழுத்தில் நின்று தயங்கினார்கள் என்று குறித்துக்கொண்டால் போதும். தமிழுக்கு ஒரு படி அதிகம் என்ற என் கணக்கு தவறாக இருந்தால் அங்கே தெரிந்துவிடும். ஒன்றரைப் படி வேண்டும் என்றோ, கோட்டை இன்னும் மெலிதாக்கலாம் என்றோ அவர்கள் கண் சொல்லும். அந்த முடிவை ஒரு மாதிரிக் கோப்பில் வைத்து, எழுத்துருக்களையும் சேர்த்து, ஊரிலுள்ள பிளான் அலுவலகங்களுக்கும் ஜெராக்ஸ் கடைகளுக்கும் இலவசமாகக் கொடுக்கலாம். உரிமத்தில் அதற்கு எந்தத் தடையும் இல்லை.